எண்ணெய்த் தலை

அழகியநாயகி அடுக்களை மூலையில் இருந்த நல்லெண்ணெய்ப் பரணியைச் சாய்த்துக் கிண்ணம் நிறைய ஊற்றிக்கொண்டாள். ஒன்பதாம் மாதம், குனிந்து நிமிர்வதற்குள் மூச்சு வாங்கியது. புறவாசலில் நெல் அவிக்கிற அண்டாவுக்குத் தீ தள்ளிக்கொண்டிருந்த மாமியார் பார்வதியம்மாள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். அறுப்பு நாளில் எண்ணெய்க் குளியா என்று கேட்கப்போகிறாள், கேட்கட்டும் என்று அழகியநாயகி நின்றாள். பதிலை நாக்கு நுனியில் வைத்திருந்தாள்.

"பரணியை வழிச்சு எடுத்திராத. மிச்சம் வையி" என்றாள் பார்வதியம்மாள்.

அவ்வளவுதான். அழகியநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் ஒருத்தி நாளைக்குப் பேறுகாலத்துக்குப் போகப்போகிறாள், இந்த அம்மாளுக்குக் கவலை எண்ணெயைப் பற்றி! கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேராக முன்வாசலுக்கு நடந்தாள்.

மாசியில் வரும் கும்பப்பூ நெல்லின் அறுப்பு தொடங்கியதிலிருந்து, கொட்டாரம் ஊரை அடுத்த அந்தக் கிராமத்தில் மனிதர்கள் மனிதர்களாக இல்லை. அறுக்கிறவன், கட்டுகிறவன், சுமக்கிறவன், அவிக்கிறவள், அவ்வளவுதான். அதிலும் இந்த வருஷம் திருக்கொச்சி சர்க்காருக்குக் கட்டாயமாக அளக்க வேண்டிய நெல்லுக்குக் கெடு நெருங்கிவிட்டது. போதாததற்கு, மாசி மாதத்தில் பார்த்திராத மேகம் கடல் பக்கமிருந்து கூடிக்கொண்டு வந்தது. அவள் புருஷன் அய்யம்பெருமாள் ராத்திரி களத்தில் காவல் படுப்பான். விடிந்ததும் வந்து நின்றவாக்கில் கஞ்சியைக் குடிப்பான். அவன் அப்பா துவர்த்துத் துண்டை உதறித் தோளில் போட்டதும் பின்னாலேயே போய்விடுவான். இந்த மாசி முழுக்க அவள் கண்டது அவன் முதுகைத்தான். கழுத்துக்குக் கீழே வெயிலில் உரிந்த தோல்கூட அவளுக்கு மனப்பாடம்.

நாளை புதன்கிழமை. இரணியலிலிருந்து அவள் அப்பா வண்டி கொண்டு வருகிறார். அவளுடைய அக்கா சண்முகவடிவும் இப்படித்தான் ஒரு அறுப்புக் காலத்தில் தாய்வீட்டுக்கு வந்தாள். வலி நிற்காமல் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இனி ஓடிப் பயனில்லை என்று பாதி வழியிலேயே கட்டிலைக் கீழே இறக்கி வைத்துவிட்டார்கள். மறுநாள் வந்த அத்தான் ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். "பொறப்பட்ட அன்னைக்கு நின்னு ஒரு வார்த்த பேசல்லியே. அறுப்பு, அறுப்புன்னு ஓடிட்டேனே." அந்த அழுகை அழகியநாயகியின் காதுக்குள்ளேயே குடியிருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? சொல்ல வேண்டியவன் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறான். முந்தாநாள் வாயைத் திறந்து கேட்டும் பார்த்தாள், ஒரு நேரம் வீட்டில் இருங்களேன் என்று. "அறுப்பு முடியட்டும் பிள்ளே, இரணியலுக்கு ஓடி வந்திர மாட்டேனா?" என்றான். உள்ளே இருந்த மாமனார் ஆறுமுகப்பெருமாள் சிரித்தார். "பொண்டாட்டி மொகத்தப் பாத்துட்டு இருந்தா நெல்லு நடந்து களத்துக்கு வருமாலே?"

ஆறுமுகப்பெருமாள் சர்க்காருக்குப் பயப்பட மாட்டார், மழைக்கும் பயப்பட மாட்டார். சகுனம் என்றால் மட்டும் மனிதர் பொட்டென்று நின்றுவிடுவார். அதிலும் எண்ணெய் வைத்த தலையைப் பார்த்துவிட்டால் போச்சு! வடசேரிச் சந்தைக்கு மாடு வாங்கப் புறப்பட்டவர், எதிர்வீட்டுக்காரன் எண்ணெய்த் தலையோடு வந்தான் என்று திரும்பி வந்து, அந்த வாரம் முழுக்க அவனோடு பேசாமல் இருந்தவர்.

அழகியநாயகி முன்வாசல் படியில் குறுக்கே உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து, எண்ணெயை உச்சியில் வைத்தாள். கொஞ்சநஞ்சம் அல்ல, நெற்றியில் வழிந்து புருவத்தில் சொட்டுகிற மாதிரி.

கஞ்சி குடித்துவிட்டு வந்த ஆறுமுகப்பெருமாள் அவளைப் பார்த்ததும் பின்வாங்கினார். அவர் முதுகில் மகன் வந்து மோதினான்.

"ஏட்டி, என்ன சோலி இது? படியில இருந்தா எண்ணெ தேய்க்கிய? எந்திரி!"

"செவ்வாக்கெழமைலா மாமா. பொம்பளைக்கு எண்ணெ தேய்க்க உள்ள நாளு."

"அறுப்பாளு வயல்ல வந்து நிக்கும்டி!"

"நிக்கட்டும். இருந்து வெத்தில போடட்டும். நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன். இன்னைக்கு உச்சிப்பொழுது வரைக்கும் உங்க மகன் எனக்கு வேணும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.  ஆனாலும் படியைவிட்டு அசையவில்லை. அய்யம்பெருமாள் வாயைப் பிளந்து நின்றான்.

"இவளுக்கு மண்டைக்கு வழியில்ல. ஏலே, நீ வா, புறவாசல் வழியா போவோம்" என்று ஆறுமுகப்பெருமாள் திரும்பி நடந்தார். அவ்வளவுதான், தோற்றுவிட்டோம் என்று அழகியநாயகி நினைத்தாள். அந்த வாசலை அவள் யோசிக்கவே இல்லை. 

"எப்பா!" என்று உள்ளேயிருந்து மாமனாரின் அலறல் கேட்டது.

முன்வாசலிலிருந்து பார்த்தால் புறவாசல் நேராகத் தெரியும். அங்கே படியை அடைத்துக்கொண்டு பார்வதியம்மாள் உட்கார்ந்திருந்தாள். நரைத்த கூந்தல் விரிந்து கிடந்தது. அடுப்பிலிருந்து வெளியே இழுத்துப் போட்ட விறகு புகைந்துகொண்டிருந்தது. மிச்சம் வைக்கச் சொன்ன எண்ணெய் முழுவதும் அவள் தலையில் இருந்தது.

"ஒனக்குமாட்டி கிறுக்கு பிடிச்சிட்டு?"

"ஆமா, பிடிச்சிட்டு" என்றாள் பார்வதியம்மாள், உச்சந்தலையைத் தட்டிக்கொண்டே. "இந்த வீட்டுக்கு வந்த நாள் முதலா அறுப்புன்னா நான் ஒரு நாளு எண்ணெ தேய்ச்சிருக்கேனா? நீங்களே சொல்லுங்கோ. இவனப் பெத்து பச்ச ஒடம்போட இதே அண்டாக்க முன்னால நிக்க வச்சேளே, அன்னைக்கு என்ன சகுனம் பாத்தேளோ? மேகம் வந்தா வரட்டும். நல்லமிளகு ரசம் வச்சுத் தாறேன், குடிச்சிட்டு இருங்கோ."

ஆறுமுகப்பெருமாள் முன்வாசலைப் பார்த்தார், புறவாசலைப் பார்த்தார். நடுவீட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

அய்யம்பெருமாள் மெதுவாக முன்வாசல் படிக்கு வந்து அழகியநாயகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு கறுத்துவிட்டான்! கன்னத்தில் பதர் ஒட்டியிருந்தது.

"இஞ்ச பாருங்கோ. எனக்குப் பயமா இருக்கு. எங்கக்கா போனா, திரும்பி வரல்ல. நான் வருவனா மாட்டனான்னு எனக்குத் தெரியாது. அதச் சொல்ல ஒரு ஆளு வேணும்னுதான்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வராமல் எங்கே போவாய் என்று சொல்வான் என்று எதிர்பார்த்தாள், சொல்லவில்லை. "எனக்கும் பயம் உண்டு பிள்ளே" என்றான். "அதான் ஒன் மொகத்தப் பாக்காம ஓடுகேன்." பிறகு தலையைக் குனிந்து அவள் முன்னால் நீட்டினான். "எனக்கும் வையி."

"ஏலே, செவ்வாக்கெழமை ஆம்பள எண்ணெ தேய்ப்பானாலே?" நடுவீட்டிலிருந்து குரல் வந்தது. "நாளைக்கு புதன்லா, நாளைக்கு தேயி!"

"நாளைக்கு இவ இருக்க மாட்டாளேப்பா."

 அழகியநாயகி கிண்ணத்தை அவன் தலையில் கவிழ்த்தாள். எண்ணெய் காதோரம் இறங்கி, கழுத்துப் புழுதியில் வழி பிடித்து, வெயிலில் உரிந்த அந்த முதுகில் ஓடியது. அவள் இரண்டு கையாலும் தேய்த்தாள். வயல் பக்கமிருந்து யாரோ கூவிக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்கள். வீட்டில் ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.