பீரோவுக்கு அடியில்

கரையான் பார்க்க வந்தவன் ஒரு பழைய வீட்டின் மரத் தரைப்பலகைகளுக்கு அடியில் குப்புறப் படுத்து ஊர்ந்துகொண்டிருந்தான். தலை தூக்க இடமில்லை. நடையில் இரண்டு பலகைகளைப் பெயர்த்துத்தான் உள்ளே இறங்கியிருந்தான். வெளியேறவும் அதுதான் வழி. அங்கே அவன் மச்சினன் குந்தியிருந்தான்.

"மாமா, கரையான் இருக்கா?"

"இறங்கி வந்து விசாரியேன் மாப்ள."

"என் தொப்பை நுழையாது. அதுக்குத்தானே அக்காவைக் குடுத்து உங்களைப் பிடிச்சுப் போட்டோம்."

கடைசிச் சுவரில் கட்டைவிரல் தடிமனுக்குக் கரையானின் மண்கோடு ஏறி, அறையைத் தாங்கும் உத்திரத்தைத் தொட்டிருந்தது. உத்திரத்தைத் தட்டினான். காலி டப்பா போலக் கேட்டது. சந்தேகம் தீராமல் தள்ளிப் போய்த் தட்டினான். அங்கேயும் அதே சத்தம். ஸ்க்ரூடிரைவரை அழுத்தினான். பிடிவரைக்கும் இறங்கிவிட்டது.

மேலே ஏதோ தரதரவென்று இழுபட்டது.

"என்ன சத்தம் மாப்ள?"

"பீரோ மாமா. சுவரை விட்டுத் தள்ளி வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? வீட்டுக்காரரும் அவர் தம்பியும் மூச்சு வாங்கறாங்க."

எந்த வீட்டிலும் முதலில் சொல்வதுதான், சுவரோரம் தெரியட்டும் என்று. எங்கே தள்ளி வைப்பார்கள் என்று அவன் யோசித்ததே இல்லை. இப்போது அவனுக்கும் வழிக்கும் நடுவே பலகைகள் தொய்ந்து இறங்கின. உத்திரம் நெரிந்தது.

"நிறுத்தச் சொல்லு."

"இன்னும் ஒரே தள்ளு..."

"மாப்ள. நிறுத்து."

மேலே இழுபடும் சத்தம் நின்றது.

"பீரோவைத் தொடாம ரெண்டு பேரையும் சுவரோரமா வெளிய வரச் சொல்லு. மெதுவா."

ஒவ்வொரு காலடிக்கும் அவன் கழுத்தில் மண் கொட்டியது. காலடிகள் ஓய்ந்தபின், கருவிப் பையை அங்கேயே விட்டுவிட்டு ஊர்ந்தான். தொய்ந்த இடத்தில் மூச்சை வெளியே விட்டு உடம்பைத் தட்டையாக்கினான். பலகை முதுகை உரசியது. கரையான்கள் சட்டைக்குள் விழுந்து ஓடின. தட்டிவிடக் கை துணியவில்லை. பெண்டாட்டி நினைவோ பிள்ளை நினைவோ வரவில்லை. பீரோவின் நான்கு கால்கள்தான் மனதில் நின்றன.

மச்சினன் கை சட்டைக் காலரைப் பற்றி இழுத்தது. மேலே வந்து மண் அப்பிய முகத்தோடு உட்கார்ந்தான்.

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் கேட்டார். "பார்த்தாச்சா தம்பி? அப்போ பீரோவைப் பழைய இடத்துலயே வெச்சிடறேன்."

அவர் அறைக்குள் காலெடுத்து வைப்பதற்குள் மாமனும் மச்சினனும் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்த பிடியை வெகுநேரம் விடவில்லை.