ஆறு வினாடி மரியாதை

1

மனிதன் மனிதனானது, தனக்கு வந்த கொட்டாவியை எதிரே இருப்பவனுக்காக ஆறு வினாடி ஒத்திவைத்த அன்றுதான்.

இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கம்பீரமாக இருக்கிறதல்லவா? கல்லில் வெட்டி ஏதாவது கட்டடத்தின் வாசலில் பதிக்கலாம். சிக்கல் என்னவென்றால், இது இந்தக் கதைக்காக எழுதிய வாக்கியம் இல்லை. கொட்டாவி ஆராய்ச்சிக் கூடம் ஒன்றின் இயக்குநர், தம்முடைய ஆண்டுவிழாச் சொற்பொழிவை "கொஞ்சம் நல்ல தமிழ்ல" எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அதன் முதல் வரியும் கடைசி வரியும் இதுதான். இன்னொரு சிக்கல், இது உண்மையும் இல்லை.

ஆகவே வேறு மாதிரி தொடங்குகிறேன்.

1 (மறுபடியும்)

ஜன்னலை அலமாரி மறைத்த ஓர் அறையில், பதினோரு வருடங்களாக, பிறருடைய திறந்த வாய்களின் இருட்டை உற்றுப் பார்த்தபடி ஒரு பெண் தன் இளமையை —

வேண்டாம். இப்படியே விட்டால் அடுத்த வரியில் மழை பெய்யும். அந்தப் பெண்மணி அப்படியொன்றும் சோகமானவர் இல்லை.

1 (இதுதான் கடைசி)

கொட்டாவியக்காவின் வேலை கொட்டாவி எண்ணுவது. கூடத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

ஓர் அறை. பன்னிரண்டு நாற்காலிகள். கண் பரிசோதனை என்று சொல்லி ஆட்களை வரவழைத்து உட்காரவைப்பார்கள். பரிசோதனை எதுவும் நடக்காது, உட்கார்ந்திருப்பதுதான் பரிசோதனை. சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு கேமரா. (விஷயத்தைப் பிற்பாடு சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பலர் கையெழுத்துப் போடும்போதும் கொட்டாவி விட்டார்கள். அது கணக்கில் சேராது.) அந்தப் பதிவு அக்காவின் மேசைக்கு வரும். திரையில் யாராவது கொட்டாவி விட்டால் அக்கா ஸ்பேஸ் பாரைத் தட்டவேண்டும். கணினி நேரத்தைக் குறித்துக்கொள்ளும். இவ்வளவுதான் வேலை.

இவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். மூக்கால் விடுகிற கொட்டாவி, கைக்குட்டைக்குள் விடுகிற கொட்டாவி, பாதியில் விழுங்கிவிட்டு இருமுவது போல நடிக்கிற கொட்டாவி என்று அக்கா சொல்லச் சொல்ல, ஒரு பக்கம் குறிப்பெடுத்தேன். அந்தப் பக்கத்தைக் காணோம்.

2

(இது அடிக்குறிப்பாக வரவேண்டியது. பக்கத்தின் அடியில் இடம் போதவில்லை.)

கொட்டாவி ஏன் வருகிறது? ரத்தத்தில் பிராணவாயு குறைவதால் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஆட்களைச் சுத்தமான பிராணவாயுவையே சுவாசிக்க வைத்துப் பார்த்துவிட்டார்கள், கொட்டாவி குறையவில்லை. மூளையைக் குளிர்விக்கத்தான் என்கிறார்கள் சிலர். தூங்கி விழப்போகிற உடம்பு தன்னைத்தானே உலுக்கிக்கொள்கிறது என்கிறார்கள் வேறு சிலர். தாயின் வயிற்றில் இருக்கிற சிசுவும் கொட்டாவி விடுகிறதாம். அதற்கு அங்கே யார் சொற்பொழிவு ஆற்றினார்கள் என்று தெரியவில்லை. ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்கு ஏன் வருகிறது என்பதிலும் ஆளுக்கொரு பேச்சு. பார்த்தால் வரும். சத்தம் கேட்டால் வரும். அதைப் பற்றிப் படித்தாலே வரும்.

(இப்போது உங்களுக்கு வந்திருந்தால் அதற்குக் காரணம் அறிவியல். என் நடை இல்லை என்றே நம்ப விரும்புகிறேன்.)

3

இயக்குநரின் கண்டுபிடிப்பு என்ன என்பதைச் சொல்லாமல் மேலே போகமுடியாது. அக்கா தட்டிய எட்டாயிரத்துச் சொச்சம் கொட்டாவிகளை வரிசையில் வைத்துப் பார்த்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். அறையில் ஒருவர் கொட்டாவி விட்டால், அடுத்த ஆறு வினாடிக்கு வேறு யாரும் விடுவதில்லை. அதற்கப்புறம் தொற்றிக்கொண்டு வரிசையாக வருகிறது. அந்த முதல் ஆறு வினாடி மட்டும் துப்புரவாகக் காலி. ஒரு விதிவிலக்குக்கூட இல்லை.

சந்தேகத்துக்கு இடமிருக்கக் கூடாது என்று, இன்னொருவரையும் அக்காவின் பக்கத்தில் உட்காரவைத்து, அதே திரையைப் பார்த்து எண்ணச் சொன்னார். இரண்டு எண்ணிக்கையும் அச்சு அசலாக ஒத்துப்போயின.

அவர் அதை வெறுமனே 'இடைவெளி' என்றுதான் எழுதியிருந்தார். 'மரியாதை இடைவெளி' என்று பெயர் வைத்தது நான். மனிதர்கள் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பதுபோல, கொட்டாவிக்கும் காத்திருக்கிறார்கள்; நாகரிகத்தின் விதை இது; இன்ன பிற. இயக்குநர் படித்துவிட்டுக் கண் கலங்கினார். கலங்கினாரா, கொட்டாவியால் நீர் வந்ததா என்று இப்போது யோசிக்கிறேன்.

அக்காவுக்கு இதில் என்ன? பெயர். கட்டுரையில் மூன்றாவது ஆளாக அவர் பெயரும் அச்சாகப் போகிறது. அவருடைய நாத்தனார் ஒருவர் இருக்கிறார். குடும்பத்தில் நாலு பேர் கூடினால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"எங்க அண்ணி என்ன வேலை பாக்குறாங்கன்னு கேளுங்களேன். ஊரெல்லாம் கொட்டாவி விட்டா இவங்களுக்குச் சம்பளம்!"

"பேரு புத்தகத்துல வருது, தெரியுமா?" என்றார் அக்கா, இந்தத் தடவை.

"எண்ணுறதுக்கெல்லாம் பேரு போடுவாங்களா அண்ணி? வந்தா காட்டுங்க, பாப்போம்."

பதினோரு வருடத்தில் அக்கா ஆசைப்பட்டது இது ஒன்றுக்குத்தான். 'வந்தா காட்டுங்க' என்பதற்குப் பதிலாக எடுத்து நீட்ட ஒரு காகிதம்.

4

கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். அந்த வாரம் மட்டும் அக்கா வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாப்பாட்டு மேசையில் கணினி. ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்தில் வீட்டுக்காரர், தட்டோடு.

அவர் பல் மருத்துவரிடம் உதவியாளர். இருபது வருடமாகத் திறந்த வாய்க்குள் விளக்குப் பிடிக்கிறவர். எதிரே ஒருவர் வாயைப் பிளந்தால் நமக்கு வருவது அவருக்கு வராது. பல்தான் தெரியும்.

"மஞ்சச் சட்டைக்காரர ஏம்மா தட்டல?"

"எந்த மஞ்சச் சட்டை?"

"இப்ப விட்டாரே. கீழ்க் கடவாய்ல ரெண்டு சொத்தை. ஒண்ணு வேர் வரைக்கும் போயிருக்கு, பாவம்."

"சும்மா சாப்பிடுங்க. அவரு விடவே இல்ல."

"விட்டாரும்மா. அந்தக் கண்ணாடிப் பாட்டிக்கு அடுத்து. அப்பத்தான் நீயும் விட்ட. உனக்கு மேல்வாய்ல போட்ட அந்தப் பழைய அடைப்பு இன்னும் நல்லாத்தான் இருக்கு."

அக்கா பதிவைப் பின்னால் ஓட்டினார். கண்ணாடிப் பாட்டி கொட்டாவி விடுகிறார். அக்கா தட்டுகிறார். வழக்கம்போல அக்காவுக்கும் வருகிறது. கண் மூடுகிறது. திறந்தபோது மஞ்சள் சட்டைக்காரர் வாயை மூடிக்கொண்டு, யோக்கியமாக உட்கார்ந்திருக்கிறார்.

மறுபடி ஓட்டினார். இந்தத் தடவை ஒரு கையால் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மறு கையால் ஒரு கண்ணின் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் சட்டை விட்டது. அதற்குப் பக்கத்து நாற்காலி விட்டது. கதவோரத்தில் இருந்த இரண்டு பேர் சேர்ந்தாற்போல விட்டார்கள். ஆறு வினாடிக்குள் நாலு பேர். அந்த அறையில் ஒருவர்கூட யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியவர்? அவருக்கும் அதே திரை, அதே கொட்டாவி, அதே நேரத்தில் மூடிய கண். இரண்டு பேர் சேர்ந்து கண்ணை மூடிக்கொண்டால் அதற்குச் சரிபார்ப்பு என்று பெயர்.

"ஏம்மா, அழுறியா?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்ல. கொட்டாவி."

5

வீட்டுக்காரரை நம்பலாமா என்று எனக்கே ஒரு சந்தேகம். கொட்டாவி எண்ணுகிற பெண்ணுக்குப் பல் மருத்துவ உதவியாளர் கணவர். மிகவும் பொருந்திப் போகிறார். இப்படிப் பொருந்தினால் கதாசிரியன் இட்டுக்கட்டினான் என்றுதான் அர்த்தம். கதையின் முதல் வரைவில் அவரைக் கொரியர் கம்பெனி ஊழியராக்கிப் பார்த்தேன். அவர் பார்சலை இறக்கிவைத்தார், திரையைப் பார்த்தார், அவரும் கொட்டாவி விட்டார். கதை அங்கேயே படுத்துவிட்டது. பழையபடி உதவியாளராக்கிவிட்டேன். தவிரவும், நேரில் பார்த்தபோது என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை "சார், அந்த முன்பல்ல கவனிங்க" என்பதுதான். இப்படி ஓர் ஆளை இட்டுக்கட்ட எனக்குத் திறமை போதாது.

6

அக்கா முதலில் இயக்குநரிடம் போனார். அழைப்பிதழில் போடுவதற்காக அவர் தம்முடைய இரண்டு படங்களை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த ஆறு செகண்ட் அவங்க மரியாதை இல்ல சார். என் கண்ணு."

"உங்க கண்ணா?"

"நான் கொட்டாவி விடுறப்ப மூடிக்குது. அப்ப விடுறவங்கள நான் பாக்கவே இல்ல."

இயக்குநர் படங்களிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு மிகுந்த கனிவோடு சொன்னார்: "சந்தேகம் ரொம்ப நல்ல விஷயம்மா. அறிவியலே அதுலதான் நிக்குது. விழா முடிஞ்சு வந்தா இன்னும் நல்லா நிக்கும். அது கிடக்கட்டும், இந்த ரெண்டுல எதுல யோசிக்கிற மாதிரி இருக்கேன்?"

"இடது பக்கம் சார். வலது பக்கத்துல கொட்டாவிய அடக்குறீங்க."

பிறகு அக்கா என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"அந்த வரிய எடுத்துடுங்க சார். முதல்லயும் கடைசியிலயும் வருதே, அது."

"அது போனா பேச்சே விழுந்துடுமே."

"அது பொய் சார்."

"பொய்தான். ஆனா எப்படி அமைஞ்சிருக்கு பாருங்க."

பாதியில் விழுங்கிய கொட்டாவியை, தட்டுவதா விடுவதா என்று பார்ப்பாரே, அப்படி என்னைப் பார்த்தார்.

"அப்ப நானே ஹால்ல எந்திரிச்சு சொல்லிடுறேன். சொன்னா கட்டுரை போயிடும், பேரும் போயிடும். சொல்லலன்னா பேரு வரும். ஆனா அத நாத்தனார்கிட்ட நீட்டுறப்பல்லாம் மஞ்சச் சட்டதான் ஞாபகம் வரும்." வாசலுக்குப் போனவர் திரும்பி, "நீங்க முன்வரிசைதானே? கேள்வி கேக்குற நேரத்துல என்னையே பாருங்க சார். நான் செஞ்சது சரியா தப்பான்னு அப்புறம் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் நான் எது செஞ்சாலும் சரிம்பாரு."

"கண்கொட்டாம பாக்குறேன்" என்றேன்.

(இந்த வாக்குறுதியைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று நாலு நாள் யோசித்தேன். எடுத்தால் எனக்கு நல்லது. ஒரு வரியை அடிக்கச் சொல்லி வந்தவரின் கதையில் என் வசதிக்கு ஒரு வரியை அடிப்பது, எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.)

7

மத்தியானம் இரண்டரை மணி. நிறைந்த அரங்கம். இயக்குநர் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். முடிவில் கண்ணாடியைக் கழற்றினார், என் வாக்கியத்தை ஒருமுறை நிதானமாகச் சொன்னார், "யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார்.

நான் திரும்பினேன். நாலாவது வரிசையின் ஓரத்தில் அக்கா. பக்கத்தில் வீட்டுக்காரர். அக்காவின் கை, கைப்பையின் வாரைப் பிடித்திருந்தது. முழங்கால் அசைந்தது. அவர் மூச்சை உள்ளே இழுத்தார்.

எனக்கு நேர் எதிரே ஒரு போட்டோகிராபர் நின்றிருந்தார். சரியாக அந்த நேரத்தில் அவர் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். அது எனக்குத் —

[இங்கே ஆறு வினாடி. அச்சகத்தார் எதையும் போட்டு நிரப்பவேண்டாம்.]

கண்ணைத் திறந்தபோது அக்கா நின்றுகொண்டிருந்தார். அரங்கம் கைதட்டிக்கொண்டிருந்தது. மேடையில் இயக்குநர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் அண்ணாந்து மனைவியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையா, பழைய அடைப்பா, தெரியாது.

காது திறந்துதானே இருந்தது என்பீர்கள். கொட்டாவி விடும்போது காதும் மந்தமாகிவிடும். எனக்குக் கேட்டது ஓர் இரைச்சல் மட்டும்.

8

முடிவு (அ): அக்கா சொல்லிவிட்டார். "அந்த ஆறு வினாடி என் கண்ணு மூடியிருந்த நேரம் சார்." வீட்டில் கடிகாரத்தை வைத்துச் சொல்லிப் பார்த்தேன், நாலு வினாடி பிடிக்கிறது. மீதி இரண்டு வினாடியில் கைதட்டல் தொடங்கியிருக்க வேண்டும். உண்மைக்கு இவ்வளவு சீக்கிரம் கைதட்டுகிற சபையை நான் பார்த்ததில்லை. ஆனால் என்ன நடந்தது என்று புரியாமல் கைதட்டுகிற சபைகளை நிறையவே பார்த்திருக்கிறேன்.

முடிவு (ஆ): அக்கா எழுந்திருப்பதைக் கவனித்த இயக்குநர் முந்திக்கொண்டார். "இதோ, எட்டாயிரம் கொட்டாவிகளை எண்ணிய கண்கள்!" கைதட்டல். அக்கா வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு உட்கார்ந்தார்.

முடிவு (இ):

(இ) எழுதவில்லை. இரண்டிலேயே எனக்குத் தலை சுற்றுகிறது.

அவரையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். வெளியே நடைவழியில் அவரே ஓடிவந்தார். முகம் சிவந்திருந்தது.

"பாத்தீங்கல்ல சார்?"

"பார்த்தேன்."

"சரிதானே நான் செஞ்சது?"

"நூத்துக்கு நூறு."

இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது போதும் சார் எனக்கு" என்றார். அதற்குமேல் எந்த முகத்தை வைத்துக்கொண்டு, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்பது?

மறுநாள் இயக்குநர் தொலைபேசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "எல்லாம் உங்க வரியால வந்தது." வைத்துவிட்டார். கோபமா, நன்றியா என்று குரலில் பிடிபடவில்லை. ஆய்விதழ் வர ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள். அதில் கட்டுரை இருக்கலாம். பதினோரு வருடப் பெயர் அதில் மூன்றாவதாக இருக்கலாம். இரண்டும் இல்லாமலும் போகலாம். நான் இந்தக் கதையை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும்.

ஆகவே (அ)வையோ (ஆ)வையோ நீங்களே தட்டிக்கொள்ளுங்கள். என்னைவிட உங்களுக்கு வசதி அதிகம். இத்தனை கொட்டாவிகளைத் தாண்டி இதுவரை கண் திறந்திருக்கிறீர்கள்.

ஒரு திருத்தம். ஏழாம் பகுதியில் வருகிற போட்டோகிராபர் அங்கே இல்லை. எனக்குக் கொட்டாவி வந்தது என் வாக்கியத்தைக் கேட்டுத்தான்.