இந்தப் பக்கம் ஓய்வு பெற்றுவிட்டது

1.

இரண்டு வரியில் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். கடிதம் என்றால் 'நான்' என்றும் 'மன்னிக்கவும்' என்றும் எழுதியாக வேண்டும். கதையில் அந்தத் தொல்லை இல்லை. யார் தலையில் வேண்டுமானாலும் பழியைக் கட்டிவிட்டு, கற்பனை என்று சொல்லிக்கொள்ளலாம்.

திருச்சூரில் நாங்கள் சிலர் சேர்ந்து 'அலமாரா' என்றொரு மென்பொருளை வளர்க்கிறோம். ஊர் வாசகசாலைகளில் எந்தப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். இரண்டாம் சனிக்கிழமைகளில் ஒரு வாசகசாலை மாடியில் கூடுவோம். பரிப்பு வடையும், பால் விடாத சுலைமானி டீயும் உண்டு.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் பக்கங்களை ஒழுங்குபடுத்துவது என் பொறுப்பு. எட்டு வருடக் குவியல் அது, இருநூற்றுப் பதினான்கு பக்கங்கள். 'நிறுவுதல்' என்ற பக்கத்துக்குப் போனால் 'தொடக்கம்' பக்கத்தைப் பார்க்கவும் என்று இருக்கும். அங்கே போனால் 'நிறுவுதல்' பக்கத்தைப் பார்க்கவும் என்று இருக்கும். இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தவர்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

எங்களிடம் கறாரான ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து 'சரி' என்ற பொத்தானை அழுத்தாமல் எதுவும் வெளியே போகாது. ஒரு கமாவை நகர்த்தினாலும் அப்படித்தான். இந்தக் கதைக்கும் அதுவே இருக்கட்டும் என்று, எழுத எழுத ஒவ்வொரு பகுதியாக வரைவில் போட்டு, சரிபார்ப்பவர் என்ற இடத்தில் ரோஸிலி சேச்சியின் பெயரைக் கொடுத்தேன். ஒல்லூரில் நூலகர் அவர், எட்டு வருடமாக எங்களுக்குப் பக்கங்கள் எழுதித் தருபவர். அந்தக் கடிதம் போக வேண்டியதும் அவருக்குத்தான். சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவர் எழுதியது. அதில் நான் கை வைக்கவில்லை.

[ரோஸிலி: எனக்கு என்ன கடிதம்? சரி, வாசிக்கறேன் அண்ணாச்சி. வடை உண்டுன்னு எழுதினீங்களே, அதுல மூணு உங்களுக்குப் போயிடும்னு எழுதலயே.]

2.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'அன்று திருச்சூரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு மின்னல் எங்கள் சர்வரின் மேல்'

நிறுத்திவிட்டேன். எங்கள் சர்வர் திருச்சூரிலேயே இல்லை.

இரண்டாவது தொடக்கம்: 'அலட்சியத்துக்குப் பேர்போன ஷிபின் என்ற தலைமை நிரலாளன், அந்த வியாழக்கிழமை சாயங்காலம்'

இதை நிஜ ஷிபினிடமே காட்டினேன்.

"மாஷே, அந்த வியாழக்கிழமை எனக்குக் கல்யாணம்" என்றான். "சாயங்காலம் நான் மாமனார் வீட்டுல மாட்டிக்கிட்டிருந்தேன். நீங்க மத்தியானமே வந்து, பாயசத்துக்காக ரெண்டாம் பந்தியிலயும் உக்காந்தீங்க. அதுக்கப்புறம் வீட்டுக்குப் போய் என்ன பண்ணினீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் சும்மாதான் கேட்டான். நான் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது: 'துடைப்பம் அந்தப் பக்கத்தைப் பெருக்கித் தள்ளியது.' இதில் பொய்யென்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

[ரோஸிலி: அந்தத் துடைப்பத்த எனக்கும் நல்லாத் தெரியும். மேல எழுதுங்க.]

3.

துடைப்பம் என்பது எங்கள் தளத்தில் தானாக ஓடும் ஒரு குட்டி நிரல். செத்துப்போன இணைப்புகளை அகற்றும், இரட்டை இடைவெளிகளை ஒற்றையாக்கும். அது செய்வதை யாரும் சரிபார்க்க வேண்டாம் என்று அதற்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தோம். ஒவ்வொரு இடைவெளிக்கும் யார் பொத்தான் அழுத்திக்கொண்டிருப்பது?

மூன்று வருடமாக யாரும் தொடாத பக்கங்களை எல்லாம் அது அந்த வியாழக்கிழமை ஒரே மூச்சில் பழைய கிடங்குக்கு அனுப்பியது. அறுபத்தெட்டுப் பக்கங்கள். ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் 'இந்தப் பக்கம் ஓய்வு பெற்றுவிட்டது' என்று ஒரு பலகை. பலகையின் வாசகம் என்னுடையது. அப்போது அதை நகைச்சுவை என்று நினைத்தேன்.

அதில் ஒன்று 'கரண்ட் போனால்' என்ற பக்கம். சேச்சி எழுதியது. பத்து நாள் கழித்து நெல்லியாம்பதி மலையில் ஒரு வாசகசாலையில் கரண்ட் போனது. புத்தகத்தோடு ஆட்கள் வரிசையில் நிற்க, அங்கிருந்த நூலகர் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் தேடி, பலகையைப் பார்த்துவிட்டு, சேச்சியைக் கூப்பிட்டார்.

"சேச்சி, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்களா? யாரும் சொல்லவே இல்லயே."

சேச்சி முழுப் பக்கத்தையும் போனிலேயே மனப்பாடமாகச் சொல்லி அந்த வரிசையைத் தீர்த்துவைத்தார். பிறகு குழுவுக்கு எழுதினார்: 'எட்டு வருஷமா எழுதினத எடுக்கறதுக்கு ஒரு ஆள்கூட வேண்டியிருக்கல. மெஷினே போதும்னு ஆயிடுச்சு. ஒரு மனுஷன் எடுத்திருந்தா சண்டை போட்டிருப்பேன். இதுகிட்ட என்னத்தப் பேச? மாசக் கடைசியோட நிறுத்திக்கறேன்.'

"ரெண்டு நிமிஷத்துல திரும்பக் கொண்டு வந்துடறேன் சேச்சி" என்று ஷிபின் போனில் கெஞ்சினான்.

"பக்கம் வேணும்னு நான் கேட்டேனாடா?" என்றார் சேச்சி.

எங்கள் முகப்பில் பங்களித்தவர்கள் பட்டியல் ஒன்று இருக்கிறது. நிரலில் ஒரு வரியாவது எழுதியவர்களின் பெயர் தானாக அதில் ஏறிக்கொள்ளும். சேச்சி அப்படி ஒரு வரியும் எழுதியதில்லை. அவர் போய்விட்டால், இங்கே இருந்தார் என்பதற்கே அடையாளம் இருக்காது.*

* குழுவில் எல்லோரும் துடைப்பத்தைத் திட்டித் தீர்த்தார்கள். அதை இரண்டு வாரம் நிறுத்திவைக்க வேண்டும் என்று ஒருவர் முன்மொழிந்தார். நான் வழிமொழிந்தேன்.

[ரோஸிலி: மூணு வருஷமா ஒரு பக்கத்த யாரும் தொடலன்னா, அதுல தப்பு இல்லன்னு அர்த்தம். இத அந்த மெஷினுக்குச் சொல்லிக் குடுக்க ஆள் இல்லயா?]

4.

துடைப்பம் என்ற பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை. வில்லன் என்றால் அவனுக்கு அற்பமாகவாவது ஓர் ஆசை வேண்டும். துடைப்பத்துக்கு என்ன ஆசை இருக்க முடியும்? ஆசை வேறொருவனுக்கு இருந்தது. இருநூற்றுப் பதினான்கைக் குறைத்துக் காட்டி, சனிக்கிழமைக் கூட்டத்தில் கைதட்டல் வாங்க வேண்டும் என்று. முறைப்படி சரிபார்ப்புக்குப் போட்டால் சேச்சி பக்கம் பக்கமாகச் சண்டைக்கு வருவார் என்று அவனுக்குத் தெரியும். துடைப்பத்தின் கடவுச்சொல்லும் தெரியும். பாயசம் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்த அவன்

(இந்த 'அவன்' சரிப்படாது.)

நான்தான். துடைப்பத்தின் பெயரில் உள்ளே நுழைந்து, பழைய பக்கங்களைக் கிடங்குக்குத் தள்ளும் கட்டளையைக் கொடுத்தது நான். மாற்றங்களின் வரலாற்றில் என் பெயர் விழாது என்று தெரிந்தே கொடுத்தேன். பக்கத்தை மீட்டால் மீட்டவன் பெயர் விழுமே என்று மீட்காமலும் இருந்தேன். சேச்சி, நீங்கள் எழுதியதை எடுத்தது மெஷின் இல்லை. மன்னிக்கவும்.

[                    ]

5.

அடைப்பு நான்கு நாளாகக் காலியாகவே இருக்கிறது. அவர் படித்துவிட்டார் என்று தளம் காட்டுகிறது. காத்திருந்த நேரத்தில் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: சேச்சி வாய்விட்டுச் சிரித்து, போகட்டும் விடுங்க என்கிறார். இதை எழுதிய எனக்கே நம்பிக்கை வரவில்லை. எட்டு வருடமாக அவரைத் தெரியும்.

முடிவு இரண்டு: குழு என்னை வெளியேற்றுகிறது, என் பெயருக்குப் பக்கத்திலும் ஓய்வுப் பலகை தொங்குகிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்டனையை நானே எனக்கு அலங்காரமாகத் தைத்துக்கொண்டது மாதிரியும் இருக்கிறது.

முடிவு மூன்று: மாதக் கடைசியில் சேச்சி போய்விடுகிறார். அடுத்த இரண்டாம் சனிக்கிழமை அவர் நாற்காலியில்

இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் காலையில் அடைப்புக்குள் ஒரு வரி இருந்தது.

[ரோஸிலி: என் பக்கத்துல முதல் வரி என்ன?]

6.

தெரியாது. அறுபத்தெட்டில் ஒன்றைக்கூட நான் வாசிக்கவில்லை. தேதியைப் பார்த்தேன், தள்ளினேன். இதை நான்காம் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதும் கொஞ்சம் ஒளித்து வைத்துக்கொள்கிற புத்தி எனக்கு.

கிடங்கைத் திறந்து 'கரண்ட் போனால்' பக்கத்தை எடுத்தேன். முதல் வரி இது:

'கரண்ட் போனால் பதற வேண்டாம். புத்தகம் உங்கள் கையில் இருக்கிறது, வாங்க வந்தவர் உங்கள் முன்னால் நிற்கிறார்.'

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை பக்கங்களை அடுக்கியபோது ஒரு தடவைகூட என் முன்னால் யாரும் நின்றதாக நான் நினைக்கவில்லை. வாசிக்காமல்தான் தள்ளினேன், இப்போதுதான் வாசித்தேன் என்று சொல்லி, அந்த வரியை எழுதி அவருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

[ரோஸிலி: ரெண்டாவது வரி?]

மாதம் முடிய இன்னும் ஆறு நாள் இருக்கிறது. சேச்சி போவாரா, இருப்பாரா என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் மொத்தம் நாற்பத்தொரு வரிகள். எனக்கு இன்னும் நாற்பது பாக்கி.