எந்த எண்ணெய்க்கும் எரியும் அடுப்பு

அந்த அடுப்பை வேதாச்சலம் ஒருநாளும் அடுப்பு என்று சொன்னதில்லை. ‘யந்திரம்’ என்பார். பட்டாளத்துக்காரர்கள் காட்டிலும் மேட்டிலும் சமைத்துச் சாப்பிடச் செய்தது. யுத்தம் முடிந்து, மிஞ்சிப்போன சாமான்களோடு மெட்ராஸ் சந்தைக்கு வந்து, அங்கிருந்து வேதாச்சலத்தின் மடியில் உட்கார்ந்து ரயிலில் சித்தூருக்கு வந்தது. பித்தளை வயிறு, மடங்குகிற மூன்று கால், பக்கத்தில் ஒரு பம்பு. மண்ணெண்ணெய்க்கும் எரியும், பெட்ரோலுக்கும் எரியும். எண்ணெயை மாற்றினால், உச்சியில் எண்ணெய் பீறிடுகிற சின்னத் துளையான நிப்பிளையும் மாற்றிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் பின்வாசல் துவைக்கிற கல்லில் யந்திரத்தை வைத்துக் காப்பி போடுவார். பக்கத்து வீட்டு முனிகிருஷ்ணன் ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் முக்காலி போட்டு ஏறி நின்று, கையில் டம்ளரோடு காத்திருப்பார். இருவருக்கும் ஒரே ஆபீஸ், அடுத்தடுத்த மேஜை. முனிகிருஷ்ணன் வீட்டுப் பேச்சு தெலுங்கு, வேதாச்சலம் வீட்டுப் பேச்சு தமிழ். உறவு என்று எதுவும் கிடையாது. ஆனாலும் முனிகிருஷ்ணன் இவரை ‘பாவா’, அதாவது மச்சான், என்றுதான் கூப்பிடுவார்.

காப்பி கொதிப்பதற்குள் பிரசங்கம் ஒன்று நடக்கும். யந்திரத்தை வெட்டவெளியில்தான் வைக்க வேண்டும், கூரைக்கும் கூடாரத்துக்கும் அடியில் வைக்கக் கூடாது. சமமான கல்மேல் நிற்க வேண்டும். பெரிய பாத்திரத்தை ஏற்றினால் சூடு திரும்பிப் பித்தளை வயிற்றிலேயே இறங்கும். சூட்டோடு எண்ணெய் ஊற்றவே கூடாது. அணைத்து, காற்றை இறக்கி, தொட்டால் குளிரும்வரை பொறுக்க வேண்டும். தப்பித்தவறிப் பற்றிக்கொண்டால் தண்ணீரைத் தொடாதே, மண்ணை வாரிப் போடு. இதையெல்லாம் மனைவி தாட்சாயணி எத்தனை முறை கேட்டிருப்பாள் என்றால், அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டே அடுத்த விதியை எடுத்துக் கொடுப்பாள்.

“நீ மறந்தாலும் அம்மி மறக்காது பாவா,” என்பார் முனிகிருஷ்ணன்.

இப்படியே போயிருக்கலாம். நடுவில் எல்லைப் பிரச்சினை வந்தது.

ஆந்திரா தனி ராஜ்யமானதிலிருந்து புத்தூர், நகரி, திருத்தணிப் பக்கமெல்லாம் கூட்டமும் ஊர்வலமும்தான். வேதாச்சலத்துக்குப் புத்தூர்தான் சொந்த ஊர். அங்கே ஒரு கூட்டத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனவரை, வேஷ்டி வெள்ளையாக இருந்த காரணத்தால் மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். ஏறியவர் சும்மா இறங்கவில்லை. “எல்லை எப்படி முடிவானாலும் சரி, முடிவான மறுநாள் நான் தமிழ் மண்ணில் இருப்பேன். ஆந்திராவில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன்!” என்று முழங்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பேசி முடித்ததும் தாகம் தாங்காமல் அங்கேயே இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.

முனிகிருஷ்ணனும் சளைத்தவரில்லை. சித்தூரில் இன்னொரு மேடையில், ஒரு அங்குல மண்ணும் தர மாட்டோம் என்று தெலுங்கில் கர்ஜித்தார். அதற்கப்புறம் இருவர் கர்ஜனைகளும் முதலில் ஒட்டுச்சுவருக்கு மேலேதான் ஒத்திகை பார்க்கப்பட்டன. “‘மாட்டேன்’னு சொல்றப்ப கைய இன்னும் கொஞ்சம் தூக்கு பாவா,” என்று சொல்லிக் கொடுத்ததே முனிகிருஷ்ணன்தான்.

கடைசியில் ஒருநாள் நிஜமாகவே முடிவாகிவிட்டது. திருத்தணி மெட்ராசுக்கு, சித்தூரும் புத்தூரும் ஆந்திராவுக்கு. ஆபீசில் ஒரு பேச்சு வந்தது. தமிழ்ப் பக்கம் போக விரும்புகிறவர்கள் மார்கழி முடிவதற்குள் விருப்பப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.

வேதாச்சலம் அன்று காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டார். முனிகிருஷ்ணனும் அதைச் சொல்லாமல் குடித்தார்.

“போயிடுவியா பாவா?”

“பேசிட்டேனே முனிகிருஷ்ணா. நாலு பேரு முன்னாடி பேசிட்டேனே.”

ராத்திரி சாப்பாடு போடும்போது தாட்சாயணி கேட்டாள்: “உங்களுக்குப் போவணும்னு இருக்குதா, இல்லியா? அத்தச் சொல்லுங்க மொதல்ல.”

“இருக்குதோ இல்லியோ, ஆம்பள பேசுன பேச்சு…”

“அப்ப இல்லன்னு அர்த்தம்,” என்று ரசத்தை ஊற்றினாள். “எனக்கும் இல்ல. பக்கத்து வூட்டு வெங்கடம்மாவ விட்டுட்டு அங்க யாரோட நான் சண்ட போடறது?”

வேதாச்சலம் ரசத்தைப் பிசைந்துகொண்டே கணக்குப் போட்டார். கையெழுத்துப் போடாவிட்டால் ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும், புத்தூர் முழுக்கச் சிரிக்கும். போட்டுவிட்டால் துவைக்கிற கல்லையும் ஒட்டுச்சுவரையும் விட்டுப் போக வேண்டும். யந்திரத்தை எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். சுவரைத் தூக்க முடியாது.

கார்த்திகை மாதம் வனபோஜனம் வந்தது. நெல்லிமரத்தடியில் சமைத்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது தெலுங்குக்காரர் வழக்கம். அந்த ஆபீசில் தமிழர்களும் ஒரு வருஷம் தவறாமல் போவார்கள். இந்தத் தடவை போகிறவர்களுக்கு வழியனுப்பு விழாவும் அதுவே என்று சிரஸ்ததார் அறிவித்தார். ஆபீசுக்கே தலைவர் அவர். இடம், திருப்பதி மலையடிவாரத்தில் ஒரு நெல்லித் தோப்பு.

“மழக்காலம். வெறகு நனஞ்சிருக்கும்,” என்று யாரோ சொன்னார்கள்.

“விறகு எதற்கு? யந்திரம் இருக்கிறது!” என்று வேதாச்சலம் எழுந்து நின்றார். போகிற சமயத்தில் பேர் நிற்கும்படி ஒன்று செய்துவிட்டுப் போவோம் என்று அவருக்கு ஆசை.

பாகாலா வழியாக எல்லோரும் ரயிலில் போனார்கள். யந்திரம் ஜமக்காளம் சுற்றி, ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தது. மண்ணெண்ணெய்ப் புட்டியைத் தாட்சாயணி காலடியில் வைத்துக்கொண்டாள். சிரஸ்ததார் மட்டும் ஜீப்பில் வந்தார்.

தோப்பில் தூறல். “மகாஜனங்கள் நனையக் கூடாது,” என்று சிரஸ்ததார் நெல்லிமரத்துக்கும் ஜீப்புக்கும் நடுவே தார்ப்பாய் கட்டச் சொன்னார். யந்திரத்தையும் அதன் அடியில், தம் நாற்காலிக்கு எதிரே வைக்கச் சொன்னார். வேதாச்சலத்துக்கு முதல் விதி நினைவுக்கு வந்தது. வந்ததும், சிரஸ்ததார் முகத்தைப் பார்த்தார். விதி திரும்பிப் போய்விட்டது.

“வெளிய வைக்கணும்னு சொல்வீங்களே?” என்றாள் தாட்சாயணி மெதுவாக.

“பெரியவரு ஒக்காந்துகினு இருக்கறப்ப எதுனா சொல்லிகினு இருக்காத.”

பிறகு பூஜை. புதுக் காரியம் எதையும் பொட்டு வைக்காமல் தொடங்கலாமா? சிரஸ்ததார் கையாலேயே பித்தளை வயிற்றில் மூன்று பட்டை சந்தனம், குங்குமம். உச்சியில் ஒரு பொட்டு வைத்தால்தான் லட்சணம் என்று அங்கேயும் தாராளமாக ஒரு விரல் சந்தனத்தை அப்பினார். உச்சியில் இருந்தது நிப்பிள். சாமந்தி மாலை, தேங்காய், கற்பூரம் எல்லாம் ஆயிற்று. சிரஸ்ததார் பேசினார். எந்த எண்ணெயை ஊற்றினாலும் எரிகிற இந்த யந்திரத்தைப் போல, எந்த ராஜ்யத்தில் இருந்தாலும் ஒளி வீச வேண்டும் என்றார். வேதாச்சலத்தின் கண் கலங்கியது. தூறலும் கொஞ்சம் வலுத்தது.

பற்றவைத்தால் யந்திரம் ‘புஸ்’ என்றது, இருமியது, மஞ்சளாகப் புகைந்தது. வேதாச்சலம் ஸ்டவ் ஊசியால் சந்தனத்தைக் குத்திக் குத்தி எடுத்தார். ஒருவழியாக நீலம் வந்தது. ஏற்றிய பாத்திரமோ ஊருக்கே பொங்கல் வைக்கிற அண்டா. அதன் அடியில் யந்திரம், நாற்காலிக்கு அடியில் பூனை உட்கார்ந்த மாதிரி இருந்தது. அரிசி பாதி வெந்தபோது மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது.

பந்தியில் இலை போட்டாயிற்று. சிரஸ்ததார் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பெட்ரோலுக்கும் எரியும்னு சொன்னீரே, ஓய்! ஜீப்பில் இருக்கிறதே!”

டிரைவர் ஒரு சொம்பில் பெட்ரோல் கொண்டுவந்தார். அண்டாவை இறக்கி யந்திரத்தைத் தொட்டால் சுள்ளென்றது.

“பாவா, அது ஆறட்டும். நீதானே சொல்லுவ?” என்றார் முனிகிருஷ்ணன்.

“ஆறிடுச்சு, ஆறிடுச்சு,” என்றார் வேதாச்சலம், சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டே.

“நிப்பிள மாத்தலியே!” இது தாட்சாயணி.

சிரஸ்ததார் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். வேதாச்சலம் மூடியைத் திருகித் திறந்து பெட்ரோலை ஊற்றினார். பித்தளையில் பட்ட பெட்ரோல் ஆவியாக எழுந்தது. தார்ப்பாய்க்கு அடியில் அது போக வழியில்லை. இரண்டடி தள்ளித் தட்டில், அணைய விடாமல் யாரோ போட்டுக்கொண்டேயிருந்த கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ‘பக்’ என்று ஒரு மூச்சு, அவ்வளவுதான். ஆனால் அந்த மூச்சில் சாமந்தி மாலை போயிற்று, தார்ப்பாயில் பாதி போயிற்று, வேதாச்சலத்தின் புருவம் இரண்டும் போயின. அவர் பின்பக்கமாகத் துள்ளி நெல்லிமரத்து வேர்மேல் விழுந்தார், வலது கை அடியில். சிரஸ்ததார் இருந்த இடத்தில் நாற்காலி மட்டும் இருந்தது. அவர் ஜீப்புக்குள் இருந்தார்.

முனிகிருஷ்ணனின் மனைவி வெங்கடம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“தண்ணி வேணாண்டி! மண்ணு! மண்ண வாரிப் போடு!” என்று தாட்சாயணி கத்தினாள்.

இருவரும் குனிந்து ஈரமண்ணை வாரி வாரி வீசினார்கள். முனிகிருஷ்ணன் வேதாச்சலத்தைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து, தார்ப்பாய்க்கு வெளியே மழையில் போட்டார். தீ அணைந்தது. பித்தளை வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்டாவில் பாதி வெந்த பொங்கல் மட்டும் மண்ணோடு கலந்தது.

“வதினா, கவலப்படாதே,” என்று தாட்சாயணியை அண்ணி முறை வைத்துத் தேற்றி வெங்கடம்மா ஒரு தூக்குப் பாத்திரத்தைத் திறந்தாள். உள்ளே புளியோதரை. “மீ ஆயன, அதான் ஒங்க வூட்டுக்காரரு, யந்திரம்னு சொன்னப்பவே, ராத்திரியே கலந்து வெச்சுட்டேன்.”

எல்லோரும் ஆளுக்கு ஒரு பிடி சாப்பிட்டார்கள். வேதாச்சலத்துக்கு முனிகிருஷ்ணன் ஊட்டினார். வலது மணிக்கட்டு பலாப்பழமாக வீங்கியிருந்தது.

எலும்பு முறிவு என்றால் அந்தப் பக்கத்தில் புத்தூர்க் கட்டுதான். திருப்பதியிலிருந்து நேரே ரயிலில் கொண்டுபோனார்கள். வைத்தியர் அமுக்கிப் பார்த்து, இழுத்து, முட்டையும் பச்சிலையும் வைத்து மூங்கில் பட்டை கொடுத்துக் கட்டினார். “அசைக்கக் கூடாது. சொல்றப்ப சொல்றப்ப வந்து கட்டு மாத்திக்குங்க.”

வேதாச்சலம் திரும்பி வரும்போது கட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். ரேணிகுண்டா தாண்டியதும் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைத் தாட்சாயணி கவனித்தாள். புருவம் இல்லாததால் முகம் எதையும் மறைக்கவில்லை.

மார்கழியில் விருப்பப் பத்திரம் மேஜைக்கு வந்தது. வேதாச்சலம் கட்டைத் தூக்கிக் காட்டினார்.

“இடது கையாலேயே போடுமே,” என்றார் சிரஸ்ததார்.

“தமிழ் மண்ணுக்குப் போகிற நல்ல காரியம். இடது கையாலா?”

“அப்படியானால் கட்டைவிரல் உருட்டும்.”

வேதாச்சலம் எழுந்து நின்றார். “என் தாத்தா கைநாட்டு. என் நைனா கைநாட்டு. எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். என்னைப் போய் உருட்டச் சொல்கிறீர்களா?” புத்தூர் மேடையில்கூட அவர் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. ஆபீஸ் கைதட்டியது. எல்லோரையும் விடப் பலமாகத் தட்டியது முனிகிருஷ்ணன்.

“மாசம் முடிவதற்குள் கட்டுப் பிரித்துவிடுவார்கள் அல்லவா? பார்க்கலாம்,” என்றார் சிரஸ்ததார்.

அதுதான் வேதாச்சலத்துக்கும் பயம்.

மார்கழி முடிய ஒரு வாரம் இருக்கும்போது புத்தூருக்குப் போனார்கள். வைத்தியர் கட்டைப் பிரித்தார். கையை மடக்கி நீட்டி, விரலை ஒவ்வொன்றாகச் சொடுக்கு எடுத்துப் பார்த்தார்.

“கூடிடுச்சு. இனிமே கட்டு வேணாம், எண்ண தேச்சிகினு இருந்தாப் போதும்.”

வேதாச்சலம் கையைப் பார்த்தார். வாசலில் ரிக்‌ஷாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மனைவி முதுகைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“இன்னும் ஒரு கட்டு போட்டுடுங்க.”

“எதுக்கு?”

“உள்ள வலிக்கிற மாதிரி இருக்குது.”

“எந்த எடத்துல?”

“கையெழுத்துப் போடற எடத்துல,” என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக வெட்கப்பட்டார்.

எலும்பையே பார்த்துப் பார்த்துப் பழகிய வைத்தியர் கொஞ்சநேரம் ஆளைப் பார்த்தார். பிறகு முட்டையை உடைத்தார். தாட்சாயணி திரும்பிப் பார்க்கவேயில்லை. ஆனால் ரிக்‌ஷாவில் ஏறியதும் ஸ்டேஷன்வரை அந்தக் கட்டைத் தன் மடியில் வைத்துத் தாங்கிக்கொண்டு வந்தாள்.

மார்கழி முடிந்தது, பொங்கல் வந்தது. பத்திரங்களைக் கட்டாகக் கட்டி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். போனவர்கள் போனார்கள். வேதாச்சலம் ஆபீசில் கடைசிவரை சொல்லிக்கொண்டேயிருந்தார்: “கை மட்டும் ஒடியாமல் இருந்திருந்தால், இன்றைக்கு நான் எங்கேயோ!” புத்தூரிலும் அதையே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, ஒடிந்த கையைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?

தை மாதம் ஒரு சாயங்காலம், வனபோஜனத்துக்குப் பிறகு முதல்முறையாக யந்திரம் வெளியே வந்தது. ஒரு பக்கம் கறுத்துப்போன பித்தளையைத் தாட்சாயணி புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். வேதாச்சலம் அதை வெட்டவெளியில், துவைக்கிற கல்மேல் நிறுத்தினார். ஆடுகிறதா என்று பார்த்தார். மண்ணெண்ணெய் நிப்பிளைப் பொருத்தி, முக்கால் வயிற்றுக்கு மட்டும் ஊற்றினார், சிந்தியதைத் துணியால் துடைத்தார். பிரசங்கம் இல்லை. பிறகு பம்பைப் பிடித்து விறுவிறுவென்று அடித்தார்.

ஒட்டுச்சுவருக்கு மேலே முனிகிருஷ்ணன் தலை எழும்பியது.

“பாவா, அது எந்தக் கை?”

வேதாச்சலம் குனிந்து பார்த்தார். கட்டோடு இருந்த வலது கை பம்பின் மேல் இருந்தது. சட்டென்று எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“அடிங்க, அடிங்க,” என்றாள் அம்மிக்குப் பின்னாலிருந்து தாட்சாயணி. “அந்தக் கையி பம்பு அடிக்கும், புளியோதர துன்னும். பேனாவத் தொட்டாத்தான் வலிக்கும்.”

சுவருக்கு அந்தப் பக்கம் வெங்கடம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. முனிகிருஷ்ணன் சிரிக்கவில்லை. டம்ளரைச் சுவர்மேல் வைத்தார். வைத்த இடத்தில் இத்தனை வருஷத்து வட்டமாக ஒரு தடம் இருந்தது.

“சக்கர போடு பாவா,” என்றார். “போவற பேச்சு வந்த அன்னிக்கு மறந்துட்ட.”