செடிக்குக் காய்ச்சின மருந்து

...அதான் குடிக்கப் போறதில்லைன்னு ஆகிப்போச்சே, பிறகு எதுக்கு இந்தப் படபடப்பு, செல்வகணேஷ் அடுப்பைக் கொஞ்சம் குறைத்தான், குறைத்தது அதிகமோ என்று மறுபடி ஒரு நூல் ஏற்றினான், குக்கர் மூடியில் விசில் இருக்க வேண்டிய இடத்திலிருந்து கிளம்பிய செம்புக் குழாய் வாளித் தண்ணீருக்குள் சுருண்டு இறங்கி, வாளியின் அடியில் அவனே போட்ட ஓட்டை வழியாக மூக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அந்த மூக்கு நுனியில் இன்னும் ஒன்றும் வரவில்லை. வந்தா என்ன, வராட்டா என்ன, வருதான்னு பாக்கணும், அவ்வளவுதான், பாத்துட்டு அப்படியே சிங்குல ஊத்திரலாம்... மில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டினால் ஓடவிட்டுப் பார்க்கிறதில்லையா, அந்த மாதிரி. காயில் கட்டுகிறவன் கரண்ட்டைக் குடிக்கவா செய்யுதான்? இந்த நியாயத்தைக் காலையிலிருந்து பலதடவை தனக்குத்தானே சொல்லிவிட்டான், சொல்லச் சொல்ல அது புளித்துக்கொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெண்டாட்டி முத்துசெல்வியும் மகள் விஜியும் தெருமுனையில் முளைப்பாரி வளர்க்கிற வீட்டுக்குப் போயிருந்தார்கள், செவ்வாய்க்கிழமை காளியம்மன் கோயில் பொங்கல், கும்மி பழகுகிற கைத்தட்டு இங்கன வரைக்கும் கேட்டது, அது கேட்கிற வரைக்கும் பயமில்லை, அது நின்றால்தான்... நிக்காது, சாயங்காலம் வரைக்கும் அடிப்பாளுக.

சவம், இந்த வாசம்தான் காட்டிக்கொடுக்கும். ஜன்னலைத் திறந்தால் தெருவுக்குப் போகும், மூடினால் வீட்டுக்குள்ளேயே நிற்கும், சாம்பிராணி போட்டான், சாமிக்கு வாங்கின சாம்பிராணியை வைத்து இதைப் போய் மறைக்கோமே என்று கை கூசியது, கூசிக்கொண்டே போட்டான். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நீல டிரம்மில் இது நுரைத்துக்கொண்டு கிடந்தபோது வாடை இதைவிட மோசம், முத்துசெல்வி மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டாள், என்னங்க அது? பஞ்சகவ்யம் என்றான். வாய் தானாகச் சொல்லிவிட்டது, நாலு ரோஜாத் தொட்டியும் ஒரு மிளகாய்ச் செடியும் அங்கன இருந்தது நல்லதாப் போச்சு. அப்படியா என்றாள், அதோடு விட்டாளா, பக்கத்து வீட்டு சுந்தரேஸ்வரி அக்காவிடம் போய், எங்க வீட்ல இவிய செடிக்கு மருந்து போட்டு வச்சிருக்காவ என்று சொல்லிவைக்க, அக்கா ஒரு பிளாஸ்டிக் மக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள், நம்ம கறிவேப்பிலைக்கும் கொஞ்சம் குடுங்க தம்பி. குடுக்காம என்ன செய்ய? ஊற்றிக் கொடுத்தான். அது துளிர் விட்டிருக்காம், நேற்று சுவருக்கு மேலால் ஒரு கொத்தை நீட்டினாள், அதைப் போட்டுத்தான் இன்று ரசம், அந்த ரசம் அவனுக்கு இறங்கவே இல்லை.

எங்க ஆரம்பிச்சது இது? மோட்டார் கடையை அடைச்ச பிறகு வருகிற அந்த நேரம்... முன்னால் அந்த நேரத்துக்கு ஒயின்ஷாப் இருந்தது, குடியை விட்ட பிறகு அந்த நேரம் மட்டும் பல் பிடுங்கின இடம் மாதிரி இருந்தது, நாக்கு அங்கனயே போகும். போனை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோவில் தாடி வைத்த வெள்ளைக்காரன் வந்தான், கார் ஷெட்டில் நின்றுகொண்டு, சர்க்கரை ஒரு பொட்டுச் சேர்க்காமல் முழுக்க முழுக்கத் தானியத்திலேயே ரை விஸ்கி காய்ச்சினான். ரை என்றால் கோதுமைக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி, குளிர்நாட்டுத் தானியம், கம்பும் சோளமும் பார்த்த கண்ணுக்குக் கொஞ்சம் சோனியாகத்தான் தெரிந்தது. அந்த ஆள் செம்புக் குழாயை வளைத்தான் பாருங்க, அதில்தான் செல்வகணேஷ் விழுந்தான், மீசை முளைத்த நாளிலிருந்து செம்புக் கம்பியோடு கிடக்கிறவன், இதைவிட நேர்த்தியா நான் சுத்துவேனே... குடிக்கிற ஆசை இல்லை இது, செய்கிற ஆசை என்று அன்றைக்குச் சத்தியமாக நம்பினான். இன்றைக்கு? இன்றைக்கும் பாதி நம்பினான், மீதிப் பாதிக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. தபாலில் வந்த பொட்டலத்தில் உடம்புக்கு நல்லது என்று போட்டிருந்தது வசதியாகப் போயிற்று, கொழுப்பைக் குறைக்குமாம் செல்வி, முளைகட்டிக் கஞ்சி வச்சுக் குடிக்கணுமாம். அவள் முகத்தைப் பார்க்கணுமே, இவருக்கு இப்பவாவது உடம்பைப் பத்திக் கவலை வந்துச்சே என்று அப்படி ஒரு சந்தோஷம்.

தானியம் முளைத்தால்தான் அதில் இனிப்பு பிறக்கும், இனிப்பு இருந்தால்தான் நுரைக்கும், அந்த முளைகட்டுகிற வேலையை அவள் தலையில் கட்டினான். அதுதான் தப்பு. போலீஸ் வந்து உள்ளே தூக்கிப் போட்டால்கூடக் கிடந்துவிட்டு வந்துவிடலாம், ஆனா அதை அவ கையில குடுத்திருக்கக் கூடாது. முளைப்பாரிக்குப் போடுகிற மாதிரியே போட்டாள், தலைக்குக் குளித்து, துவைத்த வேட்டித் துணியில் கட்டி, மாடிப்படிக்குக் கீழே இருட்டில் வைத்து, செருப்புக் காலோட அங்கன போகாதீங்க, முளைவிடுகிற வரைக்கும் வீட்டில் கறி மீன் கவிச்சி கிடையாது. சத்துமாவுக்கு எதுக்குட்டி இவ்வளவு பாடு? முளைக்கிறது எதுவா இருந்தா என்னங்க, முளைக்குதுல்லா, என்றாள். வெள்ளையாக வேர் விட்டதும் போதும் என்று எடுத்துவிட்டான், இன்னும் ரெண்டு நாள் விட்டா பச்சை காட்டுமேங்க, பாவம், என்று அவள் துணிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டே நின்றாள். காயப்போட்டுத் திரித்துவந்து, அவள் இல்லாத ஒரு நாள் கூழாக்கினால், தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிற பசை மாதிரி கரண்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது, வழித்து வழித்துத்தான் மாடி டிரம்முக்குள் தள்ளினான். மாவு எங்கங்க? கடையில வச்சுக் காய்ச்சிக் குடிச்சுக்கிடுதேன். நல்லது, மறக்காமக் குடிங்க. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான், எவ்வளவு லேசாக அவளும் நல்லது என்றுவிட்டாள்...

அந்த முளைப்பாரி யாருக்காக? அவனுக்காகத்தான், வேற யாருக்கு. புதியம்புத்தூரில் மைத்துனன் பூவனலிங்கம் வீடு கட்டிப் பால் காய்ச்சின அன்றைக்கு, விடிஞ்சும் விடியாமல் ஊற்றிக்கொண்டு போய் நின்றவன், பால் பொங்குகிறதைப் பார்த்துப் பெண்கள் குலவை போட வாயெடுக்கிற நேரத்தில் கால் இடறி அடுப்போடு பானையைத் தள்ளிவிட்டான். கொதிக்கிற பால் முழுக்க முத்துசெல்வியின் வலது காலில். அவள் அலறினது அவனுக்கு ஞாபகமில்லை, ஞாபகமிருப்பது அதற்கடுத்தது, பூவனலிங்கம் அவன் சட்டையைப் பிடிக்க வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டே சொன்னாள், நாந்தாம்ணே தட்டிவிட்டுட்டேன், சேலை தடுக்கிட்டு. குழம்புல உப்பு கம்மியாயிட்டுன்னு சொல்கிற குரல். ஒருத்தரும் நம்பவில்லை, ஆனால் அதற்குமேல் ஒருத்தராலும் வாய் திறக்கவும் முடியவில்லை. அன்றைக்கு விட்டவன்தான். அன்றைக்குத்தான் அவளும் வேண்டிக்கொண்டாள், இவிய தொடாம இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் உனக்குப் பாரி எடுக்கேன் தாயே, தொட்டுட்டாவன்னா எடுக்க மாட்டேன். காளியம்மன்கிட்டயே கண்டிஷன் போட்டவள். அந்தக் காலில் தோல் இன்னும் வேறு நிறமாகத்தான் கிடக்கு, செருப்பு வார் பட்டால் எரியும், பங்குனி வெயிலில் அந்தக் காலோடுதான் வெறுங்காலாய்ப் பாரி சுமந்து போவாள், அவன் ரோட்டோரம் நின்று கும்பிடுவான்... இந்த வருஷமும் கும்பிடணுமே, என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கும்பிட?

சொட்டு. செல்வகணேஷ் குனிந்தான். இன்னொரு சொட்டு. முதலில் வருவது விஷம், கண்ணைப் பறித்துவிடும் என்று தாடிக்காரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான், அதைத் தனியாகப் பிடித்துக் கொட்டினான், பிறகு ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்தான். பச்சைத் தண்ணி மாதிரித் தெளிவாக இருந்தது, மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் மிளகை இடிச்ச மாதிரி ஒரு காரம், அதுக்கு அடியில லேசா ரொட்டி வாசம்... வந்துட்டு. ஏலே செல்வகணேசா, வந்துட்டுலே! ஒரு நிமிஷம் எல்லாமே மறந்துபோனது, நெஞ்சு நிறைஞ்சு போனது, யாரையாவது கூப்பிட்டுக் காட்டணும் போல இருந்தது. யாரை? கருகின மோட்டார் திரும்ப ஓடினால் யாரைக் கூப்பிட்டுக் காட்டுவான், யாருக்கு போன் போடுவான், செல்வி, சத்தத்தைக் கேளுட்டி என்று... அவளைத்தான். கூப்பிட முடியாது என்று உறைத்ததும் மகா கேவலமாக இருந்தது, கேவலமாக இருக்கும்போதே வலதுகை ஆள்காட்டி விரல் டம்ளருக்குள் போய் நனைந்திருந்தது. சும்மா, காரம் எப்படின்னு, நாக்கு நுனியில, ஒரே ஒரு... விரல் பாதி வழி வந்தபோதுதான் கைத்தட்டு கேட்கவில்லை என்பது தெரிந்தது. எப்ப நின்னுச்சு?

வாசல் கேட் கிரீச்சென்றது. ஏங்க, ஒரு சங்கதி கேட்டீங்களா, என்று அவள் குரல் முன்கட்டுப் பட்டாசாலையிலேயே சிரித்துக்கொண்டு வந்தது, அந்த ரை வாங்குனீங்கள்லா, அதுல ஒரு கை முளைகட்டாம எடுத்து வச்சிருந்தேன், நம்ம பாரியில அதையும் தூவிவிட்டேன், இன்னைக்குத் துணியைத் தூக்கிப் பாத்தா எல்லார் பாரியைவிடவும் நம்மதுதான் ஓங்கி நிக்கி, என்ன விதை என்ன விதைன்னு ஆளாளுக்குக் கேக்காவ, குத்துவிளக்கு எடுத்துட்டுப் போலாம்னு... அடுப்படி நிலையில் வந்து நின்றாள். சிரிப்பு உதட்டில் இருக்கும்போதே கண் ஒவ்வொன்றாகப் போனது, குக்கர், குழாய், வாளி, டம்ளர், அவன் விரல். செல்வகணேஷ் விரலைக் கைலியில் துடைத்தான். அதைத் துடைத்திருக்கவே வேண்டாம். அடுப்பை அணைத்தான், அணைத்தபிறகு எந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வெளியே சுந்தரேஸ்வரி அக்கா, என்ன முத்துசெல்வி, ஒரு மாதிரி வாடை அடிக்கி உங்க வீட்ல? என்று கேட்டுக்கொண்டே வாசற்படி ஏறினாள். முத்துசெல்வி அவனைப் பார்த்தபடியே திரும்பாமல் குரல் கொடுத்தாள், இவிய செடிக்கு மருந்து காய்ச்சுதாவக்கா, உள்ள வராதீங்க, கண்ணு எரியும். சாதாரணமான குரல். குழம்பில் உப்பு குறைந்த குரல். பால் கொட்டின அன்னைக்கும் இந்தக் குரல்தானே... அப்படீன்னா டிரம்மைப் பார்த்துவிட்டு அப்படியா என்றாளே, அது எந்தக் குரல்? மறக்காமக் குடிங்க என்றாளே, அது? எதெல்லாம் நம்பிச் சொன்னது, எதெல்லாம் எனக்காகச் சொன்னது? ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துப் பார்க்கிறான், ஒன்றிலும் அவள் குரல் பிடிபட மாட்டேன் என்கிறது.

அவள் உள்ளே வந்து அலமாரி மேலிருந்து குத்துவிளக்கை எடுத்தாள், முந்தானையால் தூசியைத் துடைத்தாள், டம்ளரைத் தொடவில்லை. போகப் போனவள் நிலைப்படியில் நின்று, அக்காவுக்குக் கேட்காத மாதிரி மெதுவாகக் கேட்டாள், செவ்வாக்கிழம நான் பாரி எடுக்கலாமா வேண்டாமாங்க? நீங்களே சொல்லிருங்க. கோபமில்லை, அழுகை இல்லை, கோபப்பட்டிருந்தாலாவது காலில் விழலாம். எடுட்டி, நான் ஒரு சொட்டுத் தொடலை, என்று சொல்ல வாயைத் திறந்தான். அது நிஜம்தானே, விஜி தலையில் அடித்துக்கூடச் சத்தியம் பண்ணலாம். ஆனால் கேட் கிரீச்சிடாமல் இருந்திருந்தால்? அதற்குப் பதில் அவனுக்குத் தெரிந்திருந்தது, துடைத்த பிறகும் விரல் ஈரமாகவே இருந்தது, அதை மறுபடியும் கைலியில் துடைத்தான். என்ன முத்துசெல்வி, நேரமாகலியா, என்று அக்கா வெளியிலிருந்து கூப்பிட்டாள். அவள் போகவில்லை. வெந்த காலை மற்றக் காலால் தேய்த்துக்கொண்டு, விளக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அடுப்பை அணைத்த பிறகும் குழாய் டம்ளரில் சொட்டிக்கொண்டிருந்தது.