ஒரு லட்சம் பேருக்கு அறுபது பேர்

காலை ஆறரைக்கெல்லாம் அறுபது பேரையும் ஸ்டுடியோவின் பக்கவாட்டுக் கேட் வழியாக உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டாள் ஏஜென்ட் அக்கா. சினிமாவுக்குக் கூட்டம் பிடித்துத் தருவது அவள் தொழில். கல்யாணக் கூட்டம், கலவரக் கூட்டம், சாவு வீட்டுக் கூட்டம், எது வேண்டுமானாலும் முந்தின நாள் சாயங்காலம் சொன்னால் போதும். மறுநாள் விடியும்போது ஆள் நிற்கும். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தலை குறைந்ததில்லை.

ஆனால் இன்றைக்கு ஏதோ இடித்தது. உடுப்பு வண்டி வரவில்லை. தாடி மீசை ஒட்டுகிறவரைக் காணோம். எடுப்பது போர்ப் படம், ஒரு லட்சம் பேர் திரளும் காட்சி என்று ஊரெல்லாம் பேச்சு. இங்கே ஒரு குதிரைகூட இல்லை. ஷெட்டின் நடுவில் இரும்புக் குழாய்களை வளைத்துக் கூண்டு மாதிரி ஒன்று நின்றது. அதில் மேலும் கீழுமாக நூறு சின்னக் கேமராக்கள், அத்தனையும் உள்பக்கம் பார்த்தபடி.

"என்னக்கா, நம்மள எக்ஸ்ரே எடுக்கப் போறாங்களா?" என்றார் பொணம் அண்ணன். நாற்பது படங்களில் பிணமாகப் படுத்தவர். ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தாலும் அசைய மாட்டார்.

"உங்களுக்குத்தாண்ணே கஷ்டம். இன்னிக்கு நின்னுக்கிட்டு நடிக்கணும்."

ஒவ்வொருவராகக் கூண்டுக்குள் போனார்கள். அவள் முறை வந்தபோது வெள்ளை வெளிச்சத்தில் கண் கூசியது. எங்கே நின்றாலும் கேமரா எங்கே இருக்கிறது என்று முதுகாலேயே உணர்கிறவள் அவள். இங்கே அது பலிக்கவில்லை.

"எந்தப் பக்கம்பா முன்பக்கம்?"

"எல்லாப் பக்கமும் முன்பக்கந்தாம்மா. சிரிங்க. அழுங்க. கையைத் தூக்கிக் கத்துங்க. இப்ப ஓடுங்க, நின்ன இடத்துலயே" என்றான் வெளியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பையன்.

ஓடினாள். ஐம்பத்திரண்டு வயது முழங்கால் முனகியது.

வேறு கம்பெனி என்றால் ஆரம்பத்திலேயே நாலு கேள்வி கேட்டிருப்பாள். இது 'முன்வரிசை' என்று கூட்டத்தார் பட்டப்பெயர் வைத்தவனின் கம்பெனி. இன்றைக்கு அவரைத் தயாரிப்பாளர் என்றும் முதலாளி என்றும் ஊர் சொல்கிறது. அறுந்த செருப்போடு கூட்டத்தில் நிற்க வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. எந்தக் காட்சியாக இருந்தாலும் முழங்கையால் இடித்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்துவிடுவான். அதனால் அந்தப் பெயர். இரண்டாம் வருஷமே தெருவிலிருந்து நாற்பது பேரைத் தானே திரட்டிக்கொண்டு வந்தான். பிறகு புரொடக்‌ஷன் மேனேஜர் ஆனான். அப்புறம் தங்கச்சி வீட்டை அடமானம் வைத்து முதல் படம் எடுத்தான், படம் படுத்துவிட்டது. தங்கச்சி ஒரு வருஷம் பேசவில்லை. மூன்றாவது படத்தில் இரண்டாயிரம் பேரைப் பாலத்தின் மேல் நிறுத்தினான். கதையே இல்லை என்றார்கள். "கதையைப் பத்துப் பேர் பேசுவான். கூட்டத்தை ஊரே பேசும்" என்றான் அவன். ஊர் பேசத்தான் செய்தது. அதற்கப்புறம் தொட்டதெல்லாம் துலங்கியது. பதினொரு படத்தில் ஒன்பது ஓட்டம்.

ஒரு விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. கூட்டத்தைப் பசியோடு அனுப்பியதில்லை. சாரம் சரிந்து ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்த அன்று, தானே தூக்கிக்கொண்டு காருக்கு ஓடியவன்.

ஒரு மணிக்கே வேலை முடிந்துவிட்டது. மேனேஜர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். "ரெட்டைச் சம்பளம். கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க."

எல்லோரும் பேனாவுக்குக் கை நீட்டினார்கள். அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். மேற்படி உருவத்தையும் அசைவுகளையும் எந்தப் படத்திலும், எக்காலத்திலும், எத்தனை முறை வேண்டுமானாலும்...

"யாரும் போடாதீங்க" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. அறுபது கையும் நின்றது.

கால் மணி நேரத்தில் தயாரிப்பாளரே வந்துவிட்டார். போட்ட நாற்காலியைத் தள்ளிவிட்டு, அவள் எதிரே இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"என்னக்கா, அரை நாள் வேலைக்கு ரெண்டு நாள் சம்பளம். அதுலயும் கோபமா?"

"வேலை அரை நாள்தான் தம்பி. காகிதத்துல ஆயுசுக்கும் எழுதியிருக்கே."

"ஒரு லட்சம் பேரை நான் எங்கக்கா நிறுத்துவேன்? குடிக்கத் தண்ணியே பத்தாது. இந்த அறுபதைத்தான் கம்ப்யூட்டர்ல லட்சமாக்கணும்."

"அது உன் பாடு. எங்களை உள்ள போட்டு பூட்டி வச்சுக்கிட்டா, அடுத்த படத்துக்கு எங்களை யாரு கூப்பிடுவா?"

"நானும் இந்த வரிசையில நின்னவந்தாங்க்கா. எனக்குத் தெரியாதா?"

"நின்னே. அன்னிக்கு இந்தக் கூண்டு இருந்திருந்தா உன் மூஞ்சியை ஒரு தடவை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. நீ எங்க போய் மேனேஜர் ஆகியிருப்பே?"

தயாரிப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். மேனேஜரிடமிருந்து பேனாவை வாங்கி, அந்த வரியை அடித்து, மேலே 'இந்த ஒரு படத்துக்கு மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறுபது காகிதத்திலும் அவரே எழுதினார். கடைசியில் விரலை உதறிக்கொண்டே, "அக்காகிட்ட வாதாடி எவன் ஜெயிச்சான்?" என்றார். ஷெட்டே கைதட்டியது. அன்றைக்கு அக்கா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போனாள்.

படம் வெளிவந்தது. கூட்டமான கூட்டம். அறுபது பேரும் காசு போட்டு டிக்கெட் வாங்கி ஒரே வரிசையில் உட்கார்ந்து தங்களைத் தேடினார்கள். போர்க்களம் முழுக்க அவர்கள்தான். கவசத்தில், தலைப்பாகையில், தாடியோடு, தாடி இல்லாமல். "அக்கா, பதினேழு எடத்துல எண்ணிட்டேன்" என்றார் பொணம் அண்ணன். "ஒரு எடத்துலகூட சாகல!"

அதன் பிறகு ரெண்டு மாதம் போன் வரவில்லை. அக்காவே மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"அடுத்த படத்துல ரெண்டு லட்சம் பேர், அக்கா. வேற ஊர்ல அறுபது பேரை எடுத்தாச்சு. அவங்க காகிதத்துல எதையும் அடிக்கல." கொஞ்சம் தயங்கி, "முதலாளிக்கு உங்க மேல வருத்தம் ஒண்ணுமில்ல" என்றார்.

பொணம் அண்ணன் ஓர் ஆஸ்பத்திரியில் கார் நிறுத்துமிடத்துக்குக் காவலாளாகப் போனார். பெண்கள் ஏழு பேர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சேர்ந்தார்கள். அக்கா மட்டும் யாருடைய நம்பரையும் அழிக்கவில்லை.

நூறாவது நாள் விழாவுக்கு மேனேஜர் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம். கைதட்ட ஆள் வேணும்க்கா. பின்வரிசை காலியா தெரியக் கூடாது. அறுபது போதும்."

"முழு நாள் சம்பளம். அரை நாள்ங்கிற பேச்சே கிடையாது."

"சரிக்கா."

அறுபது பேரும் வந்தார்கள். பொணம் அண்ணன் காவலாள் சட்டைக்கு மேல் வேறு சட்டை போட்டிருந்தார். மேடையில் தயாரிப்பாளர் பேசினார். அவருக்குப் பின்னால் பெரிய திரையில் போர்க்களக் காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பேச்சு நடுவில் பின்வரிசையைப் பார்த்தார். அக்காவை அடையாளம் கண்டு தலையசைத்தார். அவளும் அசைத்தாள்.

"இந்த வெற்றி என்னோடது இல்ல. ஒரு லட்சம் பேரோடது!"

மேனேஜர் கையை உயர்த்தினார். அறுபது பேரும் தட்டினார்கள், நன்றாகவே தட்டினார்கள். கை கீழே இறங்கியதும் நிறுத்தினார்கள்.

விருந்தினர்கள் முன்வாசல் வழியாகச் சாப்பாட்டு ஹாலுக்குப் போனார்கள். கூட்டத்தைப் பக்கவாட்டுக் கதவு வழியாக அனுப்பினார்கள், ஆளுக்கொரு பொட்டலம். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று பார்க்க அக்கா வாசலில் நின்று திரும்பினாள். ஹாலில் ஒருவருமில்லை. திரையை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. அதில் ஒரு லட்சம் பேர் கையைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஏழாவது வரிசையில், இரும்புத் தொப்பியோடு, வாயைப் பிளந்தபடி அவளும் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பொணம் அண்ணன். அவருக்குப் பக்கத்தில் மறுபடியும் அவள்.

"நகருங்கக்கா" என்று சொல்லி மேனேஜர் கதவைச் சாத்தினார்.