பேசாமல் கிடைத்த நாற்காலி

கேட்ஸ்கில் மலையில் ஃபைகின் அம்மாளின் கோடைக் குடில்களில் திங்கள் விடிந்தால் வெள்ளி சாயங்காலம்வரை ஆண் வாடையே இருக்காது. புருஷன்மார் எல்லோரும் நியூயார்க்கில் வியர்த்துக்கொண்டு சம்பாதிப்பார்கள். பிள்ளைகளைக் காலையிலேயே முகாம்காரர் நீச்சலுக்கும் பந்துக்கும் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். மிச்சம் இருப்பது பெண்களும் கொசுவும் மா ஜாங் என்கிற சீனக் காயாட்டமும். இதில் மழை வந்தால் ஓய்வெடுப்பது கொசு மட்டும்தான்.

எஸ்டெல் லிப்ஷூட்ஸ் வீட்டு வராந்தாவில் கிடந்ததுதான் அங்கே முதல் மேசை. ஒருமுறை ஆட்டத்தின் நடுவே இடி விழுந்து வராந்தாக் கூரை இரண்டாகப் பிளந்தது. எஸ்டெல் தலையைத் தூக்காமல், "வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு, காயை எடுங்கடி" என்றாள். கூரையில் தகரம் அடித்த இடம் இன்றைக்கும் இருக்கிறது. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மேசையில் ஒரு நாற்காலி காலியானது. லாட்டி என்பவள் புருஷனோடு கலிபோர்னியாவுக்குப் போய்விட்டாள். அதில் இந்த வாரம் பரீட்சைக்கு உட்கார்ந்திருந்தவள் மின்னா கிராஸ்னாஃப். வெள்ளிக்கிழமைக்குள் எஸ்டெலுக்குப் பிடித்துப்போனால் நாற்காலி அவளுக்கு. இல்லையென்றால் ப்ராங்க்ஸிலிருந்து, அதே மேசையில் ஆடுகிற தெல்மாவின் நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வந்து இறங்குவாள்.

மின்னாவுக்கு அந்த நாற்காலி எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். போன இலையுதிர் காலத்தில் அவளும் நேட்டும் புது அடுக்குமாடிக்குக் குடிபோனார்கள். அந்த மாடியில் ஒருத்திகூட அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேட் பொத்தான் வியாபாரி. வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுத் தூங்குகிறவன். மின்னா குளிர்காலம் முழுக்கக் குளிர்பெட்டியோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். மார்ச் மாதம் அது பதில் சொல்ல ஆரம்பித்தது. அதுவும் கொஞ்சம் அலுப்பாகச் சொன்னது. அன்றைக்குத்தான் அவள் பயந்துபோய், "நேட், இந்தக் கோடைக்கு எங்கயாவது மனுஷங்க இருக்கிற இடத்துக்குப் போயிடலாம்" என்றாள்.

பத்து மாதப் பேச்சைச் சேர்த்துவைத்துக்கொண்டு வந்தவள் மா ஜாங் மேசையில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

ஆட்டம் என்னவோ அவளுக்குத் தெரியும். எந்தெந்தக் காய் சேர்ந்தால் ஜெயம் என்று அச்சடித்து ஆண்டுக்கொரு முறை வருகிற புது அட்டையை மனப்பாடமாக வைத்திருந்தாள். ஆனால் இந்த விளையாட்டில் பாதி சாமர்த்தியம் காயில் இல்லை, முகத்தில் இருக்கிறது. ஆட்டம் தொடங்குமுன் ஆளுக்கு மூன்று வேண்டாத காய்களை வலப்பக்கம், எதிர்ப்பக்கம், இடப்பக்கம் என்று தள்ளிவிடுகிற சார்ல்ஸ்டனிலேயே, நீ எதைத் தள்ளுகிறாய் என்பதை வைத்து எதை வைத்திருக்கிறாய் என்று மோப்பம் பிடித்துவிடுவார்கள். மின்னாவிடம் அந்தச் சிரமம்கூட இல்லை. ஜோக்கர் காய் வந்தால் அவள் காது சிவக்கும். டிராகன் வந்தால் புருவம் ஏறும். ஒரே ஒரு காய்க்குக் காத்திருந்தால் நாற்காலியே கிறீச்சிடும்.

"அந்தப் பொண்ணுக்குக் காயை நிறுத்திவைக்கத் தாங்கி எதுக்கு? எல்லாம் மூஞ்சியிலயே அடுக்கி வச்சிருக்கா" என்றாள் கஸ்ஸி. கஸ்ஸி அந்த மேசையில் மூத்தவள், மூன்று புருஷர்களை அடக்கம் செய்துவிட்டு நாலாவது ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஸ்டெல் அவளை 'மிஸஸ் கிராஸ்னாஃப்' என்றும் 'நீங்க' என்றும்தான் கூப்பிடுவாள். மற்றவர்களுக்கெல்லாம் 'டீ'தான். மின்னாவுக்கு அந்த மரியாதை செருப்பில் கிடக்கும் கல் மாதிரி உறுத்தியது.

மேசையைச் சுற்றி ஐந்தாவதாக ஒரு நாற்காலியும் உண்டு. அது பந்தயக்காரிக்கு. பந்தயக்காரி விளையாடமாட்டாள். ஒவ்வொருத்தியின் முதுகுப்பக்கமும் போய் நின்று எல்லோருடைய காய்களையும் பார்த்துவிட்டு, ஜெயிக்கப்போவது யார் என்று ஒருத்தி மேல் பந்தயம் வைப்பாள். வாயை மட்டும் திறக்கக் கூடாது. ஃபைகின் குடில்களில் அந்த வேலை ப்ளூமாவுடையது. ப்ளூமா பெரிய உடம்புக்காரி. ஊரில் விட்டுவந்தால் திருடிவிடுவார்கள் என்று தன் பழுப்பு மிருகரோமக் கோட்டை ஆகஸ்டிலும் போட்டுக்கொண்டுதான் திரிவாள். புஸ் புஸ்ஸென்று மூச்சு விடுவாள், தட்டில் இருப்பதைக் கேட்காமல் எடுத்துத் தின்பாள், ஒன்றும் பேசாமல் போய்விடுவாள். இதைவிட நல்ல பந்தயக்காரி அமைவது கஷ்டம்.

புதன்கிழமை மத்தியானம். மின்னா மேசைக்கென்று குகெல் சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் உலர்திராட்சையும் போட்டு, மாமியாரின் தகரத் தட்டில் சுட்டது. அடி கொஞ்சம் தீய்ந்துவிட்டது. மூன்று பேரும் ஓரத்தில் முட்கரண்டியால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்புறம் சாப்பிடறோம்" என்றார்கள். அந்த 'அப்புறம்' எந்த மாதிரி அப்புறம் என்று மின்னாவுக்குத் தெரியும். தட்டைப் பந்தயக்காரியின் நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில் வைத்தாள்.

ஆட்டம் சூடு பிடித்தபோது அவள் பேச ஆரம்பித்தாள். ஊரில் ஒரு கசாப்புக் கடைக்காரர் கோழிக்கழுத்தை இலவசமாகக் கொடுக்கிற கதை. கதையின் ருசியில் நடுவே சுவர்போல அடுக்கியிருந்த காய்களிலிருந்து ஒன்றுக்குப் பதில் இரண்டு காய்களை எடுத்துவிட்டாள். எஸ்டெலின் கண் இதற்கென்றே செய்தது.

"மிஸஸ் கிராஸ்னாஃப், எண்ணுங்க."

மின்னா எண்ணினாள். ஒன்று அதிகம்.

"செத்த கை" என்றாள் எஸ்டெல். "ஆட்டம் முடியறவரைக்கும் எடுக்கக் கூடாது, போடக் கூடாது. இந்த மேசையில இன்னொரு சட்டமும் இருக்கு. செத்தவங்க பேசமாட்டாங்க. சைகையும் கிடையாது. அதுக்குள்ள ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, தெல்மா ப்ராங்க்ஸுக்கு போன் போட்டுடுவா. சரிதானே?"

"சரி" என்று சொல்ல வாயெடுத்து, அதுவும் வார்த்தைதானே என்று மின்னா தலையை மட்டும் ஆட்டினாள்.

நாலு பேரில் படிக்கட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான். ஆகவே கரடியை முதலில் பார்த்ததும் அவள்தான்.

நல்ல வாட்டசாட்டமான கறுப்புக் கரடி, வெயிலில் பழுப்படித்திருந்தது. அந்த வருஷம் மலையில் கரடிகள் தின்கிற அவுரிநெல்லி காய்க்கவில்லை. அது கம்பிவலைக் கதவை மூக்கால் தள்ளித் திறந்தது. வீட்டுக்காரர்கள் திறப்பதைவிட மெதுவாக, சத்தமில்லாமல். உள்ளே வந்து பந்தயக்காரியின் நாற்காலியில் உட்கார்ந்தது.

"வா ப்ளூமா" என்றாள் கஸ்ஸி, தன் காய்களைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "சத்தம் போடாம உட்காரு."

மின்னாவின் தொண்டைவரை வந்தது சொல். பத்து மாதப் பேச்சும் அந்த ஒரு சொல்லுக்குள் சுருண்டு நின்றது. சொன்னால் நாற்காலி போச்சு. சொல்லாவிட்டால் எஸ்டெல் போச்சு. அவள் மேசைக்கடியில் கஸ்ஸியின் காலை உதைத்தாள்.

"எஸ்டெல், உன் பொணம் என்னை உதைக்குது."

"செத்தவங்களுக்குக் காலும் செத்துடுச்சு, மிஸஸ் கிராஸ்னாஃப். நாலு மூங்கில்!" என்று ஒரு காயைப் போட்டாள் எஸ்டெல்.

மின்னா காலை இழுத்துக்கொண்டாள். கரடி அதற்குள் முக்காலியைப் பார்த்துவிட்டது. தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டது. முதல் வாயில் கொஞ்சம் யோசித்தது. பிறகு நிறுத்தவே இல்லை. தீய்ந்த அடியைக்கூட நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தின்றது. ஓரத்தில் ஒட்டியிருந்த உலர்திராட்சை ஒன்றைத் தனியாக எடுத்து ரசித்து மென்றது. பயம் ஒருபக்கம் இருந்தாலும், கல்யாணமான நாளிலிருந்து தன் குகெலை ஒருவர் முழுதாகத் தின்று பார்ப்பது மின்னாவுக்கு இதுதான் முதல் தடவை. அவள் கண் கலங்கிவிட்டது. தின்கிறவரைக்கும் அது யாரையும் தொடாது என்ற தைரியமும் அப்போதுதான் வந்தது. இன்னும் பெரிய தட்டில் சுட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டாள்.

தட்டு காலியானதும் கரடி எழுந்தது. ஒழுங்காக ஒரு சுற்று வந்தது. தெல்மாவின் பின்னால் நின்று அவள் காய்களைப் பார்த்து மூச்சு விட்டது.

"ஏண்டி ப்ளூமா, காலையில மறுபடியும் ஊறின ஹெர்ரிங் மீன் தின்னியா? கழுத்துல அடிக்குது" என்றாள் தெல்மா.

கஸ்ஸியின் காய்களைப் பார்த்து மூக்கைச் சுளித்தது. கஸ்ஸியின் கை அன்று அப்படித்தான் இருந்தது. கடைசியில் எஸ்டெலின் பின்னால் போய் நின்றது. அவள் ஜெயிக்க ஏழு புள்ளி போட்ட காய் ஒன்று வந்தால் போதும். கரடி ஒரு முன்காலைத் தூக்கி அவள் தோளில் வைத்தது.

"என் மேலயா பந்தயம்?" என்றாள் எஸ்டெல் சந்தோஷமாக. "கண்ணு இருக்குடி உனக்கு. கையை எடு, கனக்குது."

மின்னா தன் செத்த காய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது சிவக்கவில்லை. புருவம் ஏறவில்லை. நாற்காலி கிறீச்சிடவில்லை. முகம் சலவை செய்த துணிமாதிரி இருந்தது. எதற்கும் மாறிவிடுகிற அந்த முகமே மாறாததைப் பார்த்துத்தான் தெல்மா, ப்ளூமாவின் பந்தயத்தையும் நம்பாமல், எஸ்டெல் பெரிதாக ஒன்றும் வைத்திருக்கவில்லை என்று முடிவு கட்டி, "ஏழு புள்ளி" என்று போட்டாள்.

"மா ஜாங்!" என்று ஜெயித்த கூச்சல் போட்டாள் எஸ்டெல்.

அந்த நேரம் பின்பக்கத் துணிக்கொடியிலிருந்து ப்ளூமாவின் குரல் வந்தது. "யாருடி ஜெயிச்சது?"

"எஸ்டெல்தான். நீதான் இங்க நின்னு பார்த்துக்கிட்டு..." என்று தொடங்கிய கஸ்ஸி, பாதியில் நிறுத்தினாள்.

யாரும் அசையவில்லை. எஸ்டெல் மட்டும் தன் தோளில் இருந்த கையை மெல்லக் குனிந்து பார்த்தாள். நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

ஆட்டம் முடிந்துவிட்டது, இனிப் பேசலாம். ஆனால் மின்னாவுக்குப் பேசத் தோன்றவில்லை. இரண்டு கையையும் காய்கள்மேல் வைத்துக் கலக்க ஆரம்பித்தாள். அடுத்த ஆட்டத்துக்குக் காய்களைக் குப்புறக் கவிழ்த்து எல்லோரும் உருட்டுவார்களே, அது. மற்ற ஆறு கைகளும் பழக்கத்தில் தாமாகவே சேர்ந்துகொண்டன. மரமேசைமேல் அத்தனை காயும் உருண்டால் வருகிற சத்தத்துக்கு அந்த மலையில் ஈடு கிடையாது. கீழே ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள் என்று சொல்வார்கள். கரடிக்கு அது பிடிக்கவில்லை. தோளிலிருந்து கையை எடுத்தது. தகரத் தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, படியிறங்கி, மரங்களுக்குள் போயிற்று.

எஸ்டெல் தோளைத் தடவிக்கொண்டே மின்னாவிடம் கேட்டாள். "எப்பலேர்ந்து பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

"நாலு மூங்கில் போட்டீங்களே, அதுக்கு முன்னாடி."

"கரடி என் காயை எல்லாம் பார்த்திருக்கு. என் தோள்ல கை போட்டிருக்கு. நீ ஒரு வார்த்தை சொல்லல."

"செத்தவங்க பேசமாட்டாங்கன்னீங்க."

எஸ்டெல் கஸ்ஸி பக்கம் திரும்பி, "இவகிட்ட நீ உன் நாலாவது ஆளைப் பத்திகூடச் சொல்லலாம்டி" என்றாள். உடனே மின்னாவிடம், "ஏண்டி மின்னா, இன்னும் என்ன உட்கார்ந்துக்கிட்டு? சுவரைக் கட்டுடீ!"

மின்னா சுவரைக் கட்டினாள். கை நடுங்கியதில் அது இரண்டு தடவை சரிந்தது. கரடிக்கு நடுங்காத கை அந்த ஒரு 'டீ'க்கு நடுங்கிற்று. சார்ல்ஸ்டனில் தெல்மாவிடமிருந்து வந்த மூன்று காய்களில் இரண்டு அவளுக்கு வேண்டிய பூப் போட்ட காய்கள்.

"தெரிஞ்சேதான் தள்ளினியா?" என்றாள் மின்னா.

"வாயை மூடுடீ" என்றாள் தெல்மா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேட் வந்தான். எஸ்டெல் கொடுத்த புதுத் தட்டுகளில் இரண்டு குகெல் ஆறிக்கொண்டிருந்தன. மின்னா யூதர்களின் ஓய்வுநாளுக்கான மெழுகுவத்திகளை ஏற்றிக் கண்ணை மூடிப் பிரார்த்தனை சொன்னாள். எல்லா வாரத்தையும்விட அது நீளமாக இருந்தது. புருஷன், எஸ்டெல், கஸ்ஸி, தெல்மா, மழை பெய்யாத மலை, காய்க்காத அவுரிநெல்லிச் செடி என்று ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி முடிக்க நேரமாயிற்று. நேட்டுக்குப் பசி.

"அம்மாவோட தகரத் தட்டு எங்க?" என்றான்.

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"எங்க பந்தயக்காரிக்கு."

"ப்ளூமாவுக்கா?"

மின்னாவின் காது சிவக்கவில்லை. ஒரு குகெலை மேசையில் வைத்தாள். இன்னொன்றைத் துணியால் மூடிக்கொண்டு பின்பக்கம் மரங்களை நோக்கிப் போனாள்.

அடுத்த வாரம் தகரத் தட்டு வராந்தாப் படியில் இருந்தது. கழுவி வைத்திருந்தது என்பாள் கஸ்ஸி. நக்கி வைத்திருந்தது என்பாள் தெல்மா. அந்த மேசையில் அதற்கப்புறம் வந்த பெரிய சண்டை அது ஒன்றுதான்.